போனுக்கு எந்தப் பிரவுசர், டப்புக்கு (டப்லட்) எது?

பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு வேலையைக் கூட்டித் தருகிற சின்ன நிரல்தான் எக்ஸ்டென்ஷன். "போன்ல எக்ஸ்டென்ஷன் போடலாமா?" என்று கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது ஒன்றுதான்: செய்தி படிக்கப் போனால் திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிற விளம்பரம் தொலைய வேண்டும். மிச்சப் பேருக்கு, பாட்டைப் போட்டுவிட்டுத் திரையை அணைத்தாலும் பாட்டு ஓட வேண்டும், இரவில் வெள்ளைப் பக்கம் கண்ணைக் குத்தக் கூடாது, கடவுச்சொல் தானாக வந்து விழ வேண்டும். அவ்வளவுதான். கணினியில் ஒரு வரிசை எக்ஸ்டென்ஷன் போட்டுப் பழகியவர்கள் போனிலும் அதையே தேடி அலைகிறார்கள். போனில் நிலைமை வேறு. எந்தப் பிரவுசர் என்பதைத் தீர்மானித்துவிட்டால் எக்ஸ்டென்ஷன் கேள்வியில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம். ஆன்ட்ராய்ட் வைத்துக்கொண்டு நிறைய வாசிக்கிறவர் என்றால் ஃபயர்பாக்ஸ், அதற்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். வீட்டில் வயது போனவர்களுக்குப் போட்டுக் கொடுக்க பிரேவ். சாம்சங் போன் என்றால் அதில் ஏற்கெனவே கிடக்கிற சாம்சங் இன்டர்நெட்டே போதும், ஒரு தடுப்பானை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபோன், ஐபேட் என்றால் சஃபாரியை விட்டு எங்கும் போக வேண்டாம். எதைப் போட்டாலும் குரோமைத் தூக்க வேண்டாம், வங்கிக்கும் அரசாங்கப் படிவங்களுக்கும் அதை எதுவும் ஒட்டாமல் வெறுமனே வைத்திருங்கள். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

குரோமில் இருந்து தொடங்குவோம், போன் வாங்கிய நாளில் இருந்து நம்மில் பெரும்பாலானவர்கள் தட்டிக்கொண்டிருப்பது அதைத்தானே. ஆன்ட்ராய்ட் போனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழி இல்லை. கணினிக் குரோமில் போட்டதையே போனிலும் போடலாம் என்று குரோமின் எக்ஸ்டென்ஷன் ஸ்டோரைத் திறந்து வைத்துப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முன்பு டேட்டா மிச்சம் பிடிக்கிற 'லைட்' முறை ஒன்றாவது இருந்தது, 2022 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் நான் குரோமைத் தூக்கச் சொல்லாததற்குக் காரணம் அதன் மொழிபெயர்ப்பு. சில தளங்களில் மேலே 'தமிழ்' என்று எழுதியிருக்கும், அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகி, படிவத்தின் உள்பகுதி சிங்களத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில் குரோமின் மூன்று புள்ளியைத் தட்டி மொழிபெயர்க்கச் சொன்னால், அழகான தமிழ் வராவிட்டாலும், எந்தப் பெட்டியில் அடையாள அட்டை இலக்கம், எந்தப் பெட்டியில் பிறந்த திகதி என்று விளங்கிவிடும். படமாகப் போட்டு வைத்திருக்கிற சுற்றறிக்கைக்கு இது உதவாது, எழுத்தாக உள்ள பக்கத்துக்கு மட்டும்தான்.

எக்ஸ்டென்ஷன் பக்கம் போவதற்கு முன் குரோமிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்முனையில் இருக்கிற என் மாமி ஒரு நாள் போனை நீட்டினார். "மனே, போனுக்குள்ள வைரஸ் வந்துட்டெண்டு காட்டுது, கடையில குடுக்கட்டா?" மேலே இழுத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் 'உங்கள் போன் ஆபத்தில்' என்று வரிசையாக அறிவித்தல்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் குரோமின் சின்னம். வைரஸ் ஒன்றும் இல்லை. ராசிபலன் தளம், பாட்டு இறக்குகிற தளம், கிரிக்கெட் நேரலை காட்டுகிறேன் என்ற தளம் என்று ஆளாளுக்கு 'அறிவித்தல் அனுப்பலாமா' என்று கேட்டிருக்கிறார்கள், மாமி அந்தப் பெட்டியைப் போக வைக்க 'அனுமதி'யை அழுத்தியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸில் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிபிகேஷன். அங்கே அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்று மேலே உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டால் போன் அமைதியாகிவிடும். கடையில் கொடுத்திருந்தால் ஃபோர்மட் அடித்துக் கொடுத்திருப்பார்கள், பேரப்பிள்ளையின் படங்களும் அதோடு போயிருக்கும். விளம்பரம் தாங்க முடியவில்லை என்று சொல்கிறவர்களின் போனில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

சரி, ஃபயர்பாக்ஸ். ஆன்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷன் என்ற பேச்சை எடுத்தால் முழு மனதோடு அதைச் செய்திருக்கிற பெரிய பிரவுசர் இது ஒன்றுதான். இதற்கும் ஒரு கதை உண்டு: 2020 ஓகஸ்டில் ஆன்ட்ராய்ட் ஃபயர்பாக்ஸை அடியோடு மாற்றி எழுதினார்கள், அதுவரை ஓடிய எக்ஸ்டென்ஷன்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே மிஞ்சின, பழைய ஆட்கள் திட்டிக்கொண்டே வேறிடம் போனார்கள். 2023 டிசம்பரில்தான் கதவைத் திரும்பவும் முழுதாகத் திறந்தார்கள், அன்று 400க்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் வந்தன, அதற்குப் பிறகு கூடிக்கொண்டே போகிறது. அதையெல்லாம் போட வேண்டியதில்லை. ஒன்று போதும், அது யூபிளாக் ஆரிஜின். வெறும் 'யூபிளாக்' என்ற பெயரிலும் ஒன்று சுற்றுகிறது, அது வேறு ஆட்களுடையது. செய்தவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். கணினிக் குரோமில் 2024இல் இருந்து பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை ஓரங்கட்டத் தொடங்கியதில் முழு வலிமையுள்ள இந்த யூபிளாக்கும் வெளியே போய்விட்டது, இப்போது அங்கே இருப்பது அதன் சுருக்கமான 'லைட்' வடிவம். ஃபயர்பாக்ஸில் முழு வடிவம் போனிலேயே ஓடுகிறது.

போட்டவுடன் விளம்பரம் நிற்கும், அது எல்லாரும் சொல்வது. அதிகம் பேர் தொடாத ஒரு இடம் அதன் செட்டிங்ஸில் இருக்கிறது: இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம், வீடியோவைத் தானாக இறக்காதே என்ற ஒரு சுவிட்ச். கொடுத்திருக்கிற அளவு 50 கிலோபைட், நாம் கூட்டிக் குறைக்கலாம். இதைப் போட்டால் பெரிய படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வரும், வேண்டிய படத்தை மட்டும் தட்டினால் அது இறங்கும். மாதக் கடைசியில் டேட்டா முடியப் போகிற நேரத்திலும், படுவான்கரைப் பக்கம் வயலில் நிற்கும்போது சிக்னல் மெலிந்துபோன நேரத்திலும், ஒரு செய்திப் பக்கத்தின் எழுத்து முழுவதும் உடனே வந்து நிற்பதைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். வெளியில் இருந்து எழுத்துருக்களை இறக்குவதையும் அதே இடத்தில் நிறுத்தலாம், தமிழ்த் தளங்கள் சில தங்கள் சொந்த எழுத்துருவைச் சுமந்துகொண்டு வரும், அது இல்லாமல் போனில் உள்ள தமிழ் எழுத்திலேயே நன்றாக வாசிக்கலாம். இன்னொன்று, வடிகட்டிப் பட்டியல்களில் மொழிவாரிப் பகுதிக்குப் போனால் 'இந்தியன்லிஸ்ட்' என்று ஒன்று கிடக்கும், பெயர்தான் இந்தியா, தமிழ், சிங்களத் தளங்களுக்கான விதிகளும் இலங்கைக் கொடியும் அதில் உண்டு. அதில் ஒரு சரி போட்டுவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு மூன்று ஜிபி ராம் உள்ள பழைய போனில் குரோமை விட ஒரு அடி பின்னால்தான் நடக்கும். குரோமை மட்டும் நினைத்துக் கட்டிய தளங்கள் சில அதில் கோணலாக நிற்கும், பொத்தான் அழுத்தினால் எதுவும் நடக்காது. டார்க் ரீடர் என்ற எக்ஸ்டென்ஷன் வெள்ளைப் பக்கங்களைக் கறுப்பாக்கித் தரும், இரவில் வாசிக்கிறவர்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் மலிவு போனில் பக்கம் உருளும்போது இழுபடும், பட்டரியும் கொஞ்சம் போகும். பாட்டு பின்னணியில் ஓட வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக 'வீடியோ பேக்ரவுண்ட் ப்ளே ஃபிக்ஸ்' என்று ஒன்று போட வேண்டும், யூடியூப் அவ்வப்போது ஏதாவது மாற்றும், அப்போது சில நாள் வேலை செய்யாது. இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்குத்தான் ஃபயர்பாக்ஸ்.

சகிக்க மாட்டேன், எதையும் திறந்து திருத்த மாட்டேன் என்கிறவர்களுக்கு பிரேவ். இதில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஆனால் விளம்பரத் தடுப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, இறக்கிய நிமிடத்தில் இருந்து வேலை செய்யும். குரோம் எந்த அடித்தளத்தில் ஓடுகிறதோ அதிலேயே இதுவும் ஓடுவதால் தளங்கள் கோணலாக நிற்பது அபூர்வம். செட்டிங்ஸில் மீடியா பகுதிக்குப் போய் ஒரு சுவிட்சைப் போட்டால் திரையை அணைத்த பிறகும் பாட்டு ஓடும். மாமியின் போனில் நான் வைத்துக் கொடுத்தது இதைத்தான். பிடிக்காதது என்னவென்றால் முகப்பில் தொங்கவிட்டிருக்கிற கிரிப்டோ பணப்பை, 'ரிவார்ட்ஸ்' என்று புள்ளி சேர்க்கிற கதை, ஸ்பான்சர் படங்கள். வயது போனவர்களுக்கு அதைத் தொடுகிற வாய்ப்பையே கொடுக்கக் கூடாது, போட்டுக் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு பக்கம் உடைந்து தெரிந்தால் சிங்கத்தின் சின்னத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தலாம், இது ஒன்றை மட்டும் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தால் போதும்.

சாம்சங் இன்டர்நெட்டைப் பலர் குரோம் இருக்கும்போது இது எதற்கு என்று ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அதன் மெனுவில் விளம்பரத் தடுப்பான்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கிருந்து அட்கார்ட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், 2016இல் இருந்தே இந்த வசதி உண்டு. இதில் எனக்குப் பிடித்தது அதன் அமைப்பு. தடுப்பான் எது எதை மறைக்க வேண்டும் என்ற பட்டியலை மட்டும் பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது, நீங்கள் எந்தப் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பது அதற்குத் தெரிய வழி இல்லை. வலிமையில் யூபிளாக்கை விடக் குறைவுதான், கெட்டிக்காரத்தனமான விளம்பரங்கள் சில தப்பி வரும். ஆனால் வெள்ளைப் பக்கங்களைக் கறுப்பாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, டார்க் ரீடர் மாதிரி இழுபடுவதும் இல்லை. வேறு கம்பனி ஆன்ட்ராய்ட் போனிலும் ப்ளே ஸ்டோரில் இருந்து இதை இறக்கலாம், அது பலருக்குத் தெரியாது.

எட்ஜ் பற்றிச் சுருக்கமாக. ஆன்ட்ராய்ட் எட்ஜில் எக்ஸ்டென்ஷன் வந்திருக்கிறது, ஆனால் அவர்களே தேர்ந்து வைத்த ஒரு சின்னப் பட்டியல்தான். அலுவலகக் கணினியில் எட்ஜ் பாவிக்கிறவர்களுக்குப் புத்தகக்குறிகளும் கடவுச்சொல்லும் ஒன்றாக வரும், அதற்காக வைத்திருக்கலாம். எனக்கு அதில் ஒன்று மட்டும் பிடிக்கும்: பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டுகிற வசதி. மைக்ரோசாப்டிடம் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன, கண் மங்கியவர்களுக்கு ஒரு நீளக் கட்டுரையை அப்படிக் கேட்க வைத்துப் பாருங்கள்.

இனி கிவி. போனில் குரோமின் எக்ஸ்டென்ஷன்களை அப்படியே போட வேண்டும் என்றவர்கள் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த இடம் இது, கம்பஸ் பெடியன்மார் போனில் நிறையவே பார்க்கலாம். 2025 ஜனவரியில் அதைச் செய்தவர் நிறுத்திவிட்டார். இன்னும் ஓடுகிறதே என்று வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. பிரவுசர் என்பது தெருவாசல் கதவு மாதிரி, பூட்டுப் பழுதென்று ஊருக்கே தெரிந்த பிறகும் அதையே சாத்திவிட்டுப் படுக்க முடியாது. அதில் வைத்திருந்த கடவுச்சொற்களை வெளியே எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். அதன் இடத்தைப் பிடிக்க ப்ளே ஸ்டோரில் சின்னச் சின்னப் பிரவுசர்கள் சில வந்திருக்கின்றன, எல்லா எக்ஸ்டென்ஷனும் ஓடும் என்கிறார்கள். யார் செய்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள் என்று தெரியாத ஒன்றுக்குள் என் கணக்குகளை நான் திறக்க மாட்டேன்.

எக்ஸ்டென்ஷன் போடும்போது 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை அணுகலாம்' என்று ஒரு வரி வருமே, வாசிக்காமல் 'சேர்' அடிக்கிறோமே, அந்த வரி சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை. நீங்கள் திறக்கிற பக்கத்தில் உள்ளதையும் தட்டச்சு செய்வதையும் அது பார்க்க முடியும். நல்ல பெயர் எடுத்த எக்ஸ்டென்ஷன் பிறகு கெட்டுப்போன கதைகள் இருக்கின்றன. கணினிக் குரோமில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று, ஏராளம் பேர் நம்பி வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் வேறு ஆட்களிடம் கைமாற்றினார், வாங்கியவர்கள் உள்ளே வேலை காட்டினார்கள், 2021 பெப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று தூக்கியது. அதற்குச் சில மாதம் முன் 2020 ஒக்டோபரில் 'நானோ அட்பிளாக்கர்' விற்கப்பட்டு அதே கதி. விற்றது உங்களுக்குத் தெரியவே வராது, புதுப்பிப்பு மட்டும் இரவோடு இரவாக வந்து சேரும். அதனால்தான் ஒன்று, கூடினால் இரண்டு என்று சொல்கிறேன், அதனால்தான் வங்கிப் பக்கத்தை வேறு பிரவுசரில் திறக்கச் சொல்கிறேன்.

ஓபெரா மினியை மறந்துவிடவில்லை. நோக்கியா பட்டன் போனில் மெயில் பார்த்த தலைமுறைக்கு அது கிட்டத்தட்ட ஒரு உறவுக்காரன். அதன் கடும் மிச்சப்படுத்தல் முறையில் பக்கம் முதலில் ஓபெராவின் சேவையகத்துக்குப் போய், அங்கே சுருங்கி, பிறகுதான் நம் போனுக்கு வருகிறது, டேட்டா குறைவாகப் போவது அதனால்தான். இடையில் அவர்கள் கை படுவதால் வங்கிக்கு அதைத் தொடவே கூடாது, படிவங்களும் அதில் பாதி உடையும். இன்னொரு சிக்கல் நம் டேட்டா பெக்கேஜ்களில் இருக்கிறது. யூடியூப்புக்குத் தனி, பேஸ்புக்குக்குத் தனி என்று போடுகிறோமே, அந்தப் போக்குவரத்து வேறொரு சேவையகத்தின் வழியாகவோ விபிஎன் (இணைப்பை வேறொரு இடத்தின் வழியாகச் சுற்றி அனுப்புகிற வசதி) வழியாகவோ போனால், இது யூடியூப் என்று போன் கம்பனிக்கு அடையாளம் தெரியாது, அப்புறம் பொதுவான டேட்டாவில்தான் கழியும். விபிஎன் உள்ளே வைத்த பிரவுசர்களை இலவசம் என்று இறக்குகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

பிரவுசரையே மாற்ற மாட்டேன் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆன்ட்ராய்ட் 9இல் இருந்து போன்களில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று கிடக்கும், ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தேடிச் சொல்கிற சேவைதான் டிஎன்எஸ். அட்கார்ட் நிறுவனம் இலவசமாகத் தருகிற டிஎன்எஸ் முகவரியை அவர்கள் தளத்தில் பார்த்து அதில் எழுதினால், பிரவுசரில் மட்டுமில்லாமல் விளையாட்டுச் செயலிகளுக்குள் வருகிற விளம்பரங்களும் கணிசமாகக் குறையும். யூடியூப் விளம்பரத்துக்கு இது பலிக்காது, வீடியோ வருகிற இடத்தில் இருந்தே விளம்பரமும் வருவதால் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஹோட்டல், ஆஸ்பத்திரி வைஃபையில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் வருமே, அது வராமல் நின்றுவிட்டால் இதைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு. இங்கே ஆப் ஸ்டோரில் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என்று எந்தப் பெயரில் இறக்கினாலும் உள்ளே ஓடுவது, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆப்பிளின் வெப்கிட் என்ற ஒரே எஞ்சின்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் இதைத் தளர்த்தினார்கள், நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஆன்ட்ராய்ட் ஃபயர்பாக்ஸில் யூபிளாக் போட்ட நினைப்பில் ஐபேடில் ஃபயர்பாக்ஸை இறக்கி எக்ஸ்டென்ஷன் மெனுவைத் தேடினால் கிடைக்காது. சஃபாரியில் கிடைக்கும். 2015இல் ஐஓஎஸ் 9 வந்தபோதே தடுப்புப் பட்டியல் வசதி வந்துவிட்டது, சாம்சங்கில் சொன்ன அதே மாதிரி, பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற வகை. 2021இல் ஐஓஎஸ் 15ஓடு முழு எக்ஸ்டென்ஷன்களும் வந்தன. அட்கார்டின் இலவச வடிவமே நல்ல தொடக்கம். 2025இல் யூபிளாக் ஆரிஜின் லைட்டும் ஆப் ஸ்டோருக்கு வந்தது, புதிய ஐஓஎஸ் உள்ளவர்களுக்கு என் வாக்கு அதற்குத்தான்.

கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ வாப்பாவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த பழைய ஐபேட்கள் காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று வீடுகளில் நிறைய உண்டு. அதில் என்ன செய்யலாம் என்றால், முதலில் மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். 2014இல் வந்த ஐபேட் ஏர் 2 கூட ஐபேட்ஓஎஸ் 15 வரை ஏறும், ஏறினால் சஃபாரி எக்ஸ்டென்ஷன் போடலாம், யூபிளாக் லைட் ஏறாவிட்டாலும் பழைய பதிப்புக்கு ஒத்துவருகிற வேறு தடுப்பான் ஏதாவது அகப்படும். சஃபாரியில் ஒரு நல்ல பழக்கம், எக்ஸ்டென்ஷன் ஒரு தளத்தைத் தொடப் போகும்போது 'ஒரு நாளைக்கு மட்டும்', 'இந்தத் தளத்தில் எப்போதும்' என்று கேட்கும். மொத்தமாக எல்லாத் தளத்துக்கும் கொடுக்காமல் ஒரு நாளைக்கு மட்டும் என்று கொடுத்துப் பழகுங்கள்.

டப்பை முக்கியமாகப் படிப்புக்குப் பாவிக்கிறவர்களுக்கு விளம்பரத் தடுப்பை விடப் பெரிய பிரச்சினை பிடிஎஃப். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடப்புத்தகங்கள், இ-தக்சலாவ என்ற இணையக் கல்வித் தளத்தில் உள்ள பாடங்கள், 2005இல் இருந்து ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிற நூலகம் தளத்தின் பழைய இதழ்கள் என்று எல்லாம் பிடிஎஃபில்தான் இருக்கின்றன. குரோம் நீண்ட காலம் அதை இறக்கிவைத்து வேறொரு செயலியிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது, பழைய டப்களில் இன்னும் அப்படித்தான். ஃபயர்பாக்ஸ் 2023இல் இருந்து தனக்குள்ளேயே திறந்து காட்டுகிறது, ஒரு பக்கத்தை எட்டிப் பார்க்க வசதி. ஸ்கேன் செய்த பெரிய புத்தகம் என்றால் எந்தப் பிரவுசரும் திணறும், இறக்கிவைத்து ஒரு பிடிஎஃப் செயலியில் திறப்பதே புத்தி. மற்றபடி பெரிய திரையில் குரோமே கணினி மாதிரி மேலே தாவல்களை வரிசையாகக் காட்டும், ஐபேடில் சஃபாரி 2019இல் இருந்து தளங்களைக் கணினி வடிவத்திலேயே கேட்டு வாங்குகிறது, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற பிள்ளைகள் பல்கலைக்கழகத் தளங்களைத் திறக்க இது உதவும்.

சின்னப் பிள்ளைகளின் டப்பில் மட்டும் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு எந்தத் தளம் பார்க்கலாம், எது கூடாது என்று அடைத்து வைக்கிறீர்களே, அந்தத் தள வடிகட்டல் வேலை செய்வது குரோமுக்குள். பிரேவோ ஃபயர்பாக்ஸோ அதே டப்பில் இருந்தால் பிள்ளை அதைத் திறந்துகொண்டு போய்விடும், உங்கள் பூட்டு குரோம் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பிள்ளைகளுக்குக் குரோம் மட்டும், மற்றப் பிரவுசர்களை ஃபேமிலி லிங்கிலேயே தடுத்துவிட்டு, பிரைவேட் டிஎன்எஸ்ஸில் அட்கார்டின் குடும்பப் பாதுகாப்பு முகவரி. இந்த இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான குப்பை வராது.

நம் ஊர்ச் செய்தித் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். எல்லா மூலையிலும் விளம்பரம் வெடிக்கிற தளத்தில் அதை அடைத்துவிடுங்கள், ஒழுங்காக இரண்டு விளம்பரம் வைத்து ஊர்ச் செய்தி எழுதுகிறவர்களுக்கு யூபிளாக்கின் பெரிய பொத்தானைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, இத்தனையும் செய்துவிட்டு "இன்னும் விளம்பரம் வருதே" என்கிறவர்கள் பெரும்பாலும் பேஸ்புக்குக்குள் இருந்து இணைப்பைத் தட்டியவர்கள். பேஸ்புக் தன் சொந்த பிரவுசர் ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறது, இணைப்புகள் அதில்தான் திறக்கும், அங்கே உங்கள் யூபிளாக்கும் இல்லை, பிரேவின் சிங்கமும் இல்லை. பக்கம் திறந்ததும் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லை, போனில் எதை இயல்பு பிரவுசராக வைத்திருக்கிறீர்களோ அதற்கே அனுப்பும், ஆகவே புதிதாக ஒன்றை இறக்கியதும் செட்டிங்ஸில் இயல்புச் செயலிகள் பகுதிக்குப் போய் அதை மாற்றிவிட்டு வாருங்கள். ஐபோனிலும் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இல் இருந்து இப்படி மாற்றலாம்.